நூல்சீலைப் போர்வை: வெட்டுறதில இருந்து விளிம்பு கட்டுற வரைக்கும்

ஒரு நூல்சீலை 6 யார். அங்குலக் கணக்கில 216. அதை மூண்டாப் பிரிச்சால் ஒரு துண்டு 72 அங்குலம், அதாவது 6 அடி. அகலம் எப்பிடியும் 45 அங்குலம் வரும். ஒராள் படுத்துப் போர்க்க இந்த அளவு சரி. மூண்டு துண்டையும் ஒண்டுக்கு மேல ஒண்டா விரிச்சு, ஊசியால நெருக்கமா நூலோடி, சுத்திவர விளிம்பு கட்டினால் போர்வை முடிஞ்சுது. சீலையில ஒரு சாண் கூட மிஞ்சாது.

ரெண்டு பேர் போர்க்கிறதுக்கு எண்டால் ரெண்டு சீலை வேணும். ஆறு துண்டு வரும், அதை நீளப்பக்கத்தால ரெண்டு ரெண்டாப் பொருத்தினால் ஏறக்குறைய 90 அங்குல அகலத்தில மூண்டு அடுக்கு. பச்சைப் பிள்ளைக்கு எண்டால் ஒரு சீலையை 36 அங்குலமா ஆறு துண்டாக்குங்கோ, மூண்டு மூண்டா அடுக்கினால் ரெண்டு போர்வை கிடைக்கும். ஒண்டு ஈரமானால் மற்றது. உயரமான ஆம்பிளையளுக்கு 6 அடி காணாது, கால் வெளியில நிக்கும். அவைக்குத் தலைப்பக்கம் ஒரு சாரத்துண்டைப் பொருத்தி 7 அடியாக்கிப் போட்டு அடுக்குங்கோ.

எங்கட வன்னி இரவுக்கு இதைப் போல வேற போர்வை இல்லை எண்டு நான் அடிச்சுச் சொல்லுவன். மார்கழி தையில கூட முன்னிரவில வீட்டுக்குள்ள புழுக்கமாத்தான் இருக்கும். விடியப்பறம் பாத்தால் குளப்பக்கத்தால வாடைக்காத்து வந்து எலும்புக்குள்ள இறங்கும். கடையில விக்கிற பொலியெஸ்டர் கம்பளியைப் போர்த்தால் பத்து மணிக்கு வேர்த்துக் கொட்டும், தள்ளிவிட்டால் நாலு மணிக்குப் பிள்ளை இருமும். மூண்டு அடுக்குப் பழைய பருத்தி வேர்வையையும் உறிஞ்சும், அடுக்குக்கு இடையில நிக்கிற காத்து குளிரையும் மறிக்கும். ஆடி ஆவணியில தைக்கத் தொடங்குங்கோ. சோளகம் வீசுற நேரம் தோய்ச்ச துணி ஒரு பொழுதில காஞ்சு போம். காலபோக விதைப்புத் தொடங்க முதல் பின்னேரங்களில கை ஆறுதலா இருக்கும். புரட்டாதி, ஐப்பசி வந்தால் வயல் வேலைக்கு நடுவில ஊசி பிடிக்க ஏலாது.

துணி எடுக்கிறதில இருந்து சொல்லுறன், ஏனெண்டால் போர்வை நல்லா வாறதும் வராததும் அதிலதான் இருக்கு. புதுத்துணி வாங்காதேங்கோ. புதுப்பருத்தியில கஞ்சிப்பசை இருக்கும், ஊசி இறங்காது, முதல் தோய்ச்சலில சுருங்கி இழுக்கும். பத்து வருசம் உடுத்துத் தோய்ச்ச சீலை சுருங்கிறதெல்லாம் சுருங்கி முடிஞ்சு, கன்னத்தில வைச்சால் தெரியாத அளவுக்கு மெத்தெண்டு இருக்கும். அந்த மெதுமை காசுக்கு வாங்க வராது. ஆனா இத்துப் போனது வேண்டாம். ரெண்டு கையாலயும் பிடிச்சு மெல்ல இழுத்துப் பாருங்கோ. 'சர்' எண்டு நூல் விட்டால் அது அடுப்படிக்குப் பிடிதுணி. இழுத்தும் தாங்கினால் போர்வைக்கு.

பருத்தியா கலப்பா எண்டு சந்தேகம் வந்தால் ஓரத்தில ரெண்டு மூண்டு நூல் உருவி, வெளியில வைச்சு, ஒரு பழைய கரண்டியில போட்டுக் கொளுத்துங்கோ. பருத்தி கடதாசி எரியிற மணத்தோட எரிஞ்சு, தொட்டால் உதிருற சாம்பலாகும். நைலோன், பொலியெஸ்டர் உருகிச் சுருண்டு கறுப்பாக் கட்டிபடும், ஆறினாப் பிறகு நகத்தால நசிச்சாலும் உடையாது. கலப்புத் துணியை அடுக்குக்குள்ள வைச்சால் அது வழுக்கும். மற்ற ரெண்டும் ஒரு பக்கம் நிக்க அது இன்னொரு பக்கம் போய், ஒரு மழைக்காலம் போறதுக்குள்ள போர்வை உள்ளுக்குள்ள சுருண்டு கிடக்கும்.

ஆம்பிளையளின்ர பழைய சாரம் நல்ல சாமான். மூட்டின இடத்தைப் பிரிச்சால் நீளமான துண்டு. சாரம் சீலையை விடக் கொஞ்சம் தடிப்பு, அதனால அடிப்பக்கத்துக்கு வைக்கலாம். கட்டம் போட்ட சாரம் எண்டால் இன்னும் வசதி, நூலோட வேற கோடு கீறத் தேவையில்லை, கட்டத்தைப் பிடிச்சுக் கொண்டு போகலாம். காமென்ற்ஸ் வெட்டுத்துணியில ரீசேட் துணிதான் கூட வரும். அது இழுபடுற பின்னல் துணி. நெய்த துணியோட அதைச் சேர்க்காதேங்கோ. தலகணிக்குள்ள அடைக்கிறதுக்கு அது உதவும்.

சீலையை விரிச்சு வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பாருங்கோ. உடுத்த விதம் அதில தெரியும். இடுப்பைச் சுத்தி முதல் சுத்தா உள்ளுக்குப் போற உள்முனை வெயில் படாதது, நிறம் மங்காமல் பலமா இருக்கும். கொய்யகம் வாற நடுப்பகுதி நடந்து நடந்து கீழ்ப்பக்கம் தேஞ்சிருக்கும். முந்தானை தோளில கிடந்து வெளிறியிருக்கும், ஆனா வேலைப்பாடு அதிலதான். அதனால மூண்டு துண்டையும் வெட்டினாப் பிறகு பலம் குறைஞ்சதை நடுவுக்கு வையுங்கோ. உள்முனைத் துண்டு அடியில, முந்தானைத் துண்டு மேல. நடுவில போறதில சின்ன ஓட்டை இருந்தால் பறவாயில்லை, அதே துணியில ஒரு ஒட்டு வைச்சு நாலு பக்கமும் நூலோடி விடுங்கோ. சரிகைக் கரை இருந்தால் முதலே வெட்டி எடுங்கோ, அது பிள்ளையளின்ர முகத்தை உரஞ்சும்.

வெட்ட முதல் எல்லாத்தையும் தோய்க்க வேணும். சாயம் விடுற துணியை அப்பதான் பிடிக்கலாம். நனைஞ்ச வெள்ளைத்துணி ஒண்டை சீலையில வைச்சு அழுத்தித் தேயுங்கோ. வெள்ளையில நிறம் ஏறினால் அந்தச் சீலையை வெளிர்நிறத் துணியோட சேர்க்க வேண்டாம். உப்புத்தண்ணியில ஊறவிட்டால் சாயம் நிக்கும் எண்டு கன பேர் சொல்லுவினம். விடுற சாயம் உப்புக்கு நிக்கிறதை நான் காணேல்லை. கடும்சிவப்பு, கருநீலம் ரெண்டிலயும் கூடக் கவனம் வேணும். கடைசி அலசலில கஞ்சி போடாதேங்கோ.

வெட்டுறதுக்கு கத்தரிக்கோலை விடக் கிழிக்கிறது நேரா வரும். ஓரத்தில ஒரு அங்குலம் நறுக்கி, ரெண்டு பக்கமும் பிடிச்சு ஒரே இழுவையாக் கிழிச்சால் துணி தன்ர நூல் வழியே போகும். பழசில கிழிக்கப் பயமா இருந்தால், குறுக்கு நூல் ஒண்டை மெல்ல உருவுங்கோ. நூல் போன இடத்தில ஒரு வெளிக்கோடு தெரியும். அந்தக் கோட்டைப் பிடிச்சு வெட்டலாம்.

இந்த இடத்தில ஒரு விசயம் சொல்ல வேணும். 2009க்கு முந்தின துணி இருக்கிற வீடு எங்கட பக்கம் குறைவு. அந்த வருசம் முடிஞ்ச போரின்ர கடைசி மாதங்களில பங்கருக்கு மண்மூட்டை தைக்கச் சாக்கு இல்லாமல், பொம்பிளையள் தங்கட சீலையளைத்தான் கிழிச்சுப் பையாத் தைச்சவை. கூறைச்சீலை கூட மண்மூட்டையாப் போனது. அதனால ஒரு அம்மாவின்ர சீலைத்தலைப்போ, ஒரு பிள்ளையின்ர சின்னச் சட்டையோ தப்பி வந்திருந்தால் அது பெட்டிக்கு அடியில சுத்தி வைச்சுக் கிடக்கும், ஒருத்தரும் தொடாயினம். என்னட்டைத் தைக்கப் பழக வாற பிள்ளையள் சிலர் அப்பிடித் துண்டைக் கொண்டு வந்து, 'அக்கா, இதைப் போர்வையில வைக்கலாமோ? வெட்டப் பயமாக் கிடக்கு' எண்டு கேப்பினம். வைக்கலாம். வெட்டத் தேவையே இல்லை. பெட்டிக்குள்ள மடிச்ச மடிப்பிலயே கிடந்தால் அந்த மடிப்புக் கோட்டாலதான் துணி இறும். விரிச்சு வைச்சுத் தைச்சால்தான் அது நிண்டு பிடிக்கும்.

அதுக்கு இப்பிடிச் செய்யுங்கோ. அந்தத் துண்டைச் சோப்பு போடாமல் பச்சைத்தண்ணியில நனைச்சு, பிழியாமல், ஒரு துவாய்க்கு மேல விரிச்சு நிழலில காயவிடுங்கோ. பலமான ஒரு வெள்ளைப் பருத்தித்துண்டை அதை விட ஒரு அங்குலம் பெரிசா எடுத்து அடியில வையுங்கோ. ரெண்டையும் சேர்த்து அதே நிற ஒற்றை நூலால, ஒரு விரல் இடைவெளி விட்டு வரிவரியா ஓடுங்கோ. இப்ப இழுவையை அடியில இருக்கிற வெள்ளைத்துணி தாங்கும், மேலத் துணிக்குப் பாரம் இல்லை. பிறகு சுத்திவர விளிம்பை உள்ளுக்கு மடிச்சு, போர்வையின்ர மேல் அடுக்கில நெஞ்சு வாற இடத்தில பதிச்சுத் தைக்கலாம். கழுத்துப்பக்க விளிம்பும் கால்பக்கமும்தான் போர்வையில முதலில தேயிற இடங்கள். அங்க வைக்காதேங்கோ. சட்டை எண்டால் தெறி, பொக்கற் எல்லாம் இருந்தபடி இருக்கட்டும், பக்கத் தையலை மட்டும் பிரிச்சு முன்பக்கத்தைத் தட்டையா வையுங்கோ.

முழுச்சீலை கிடைக்காத ஆக்கள் மேல் அடுக்கைச் சதுரத்துண்டு பொருத்திச் செய்யலாம். பிஸ்கற் பெட்டி மட்டையில ஆறரை அங்குலச் சதுரம் ஒண்டு வெட்டி அளவுமட்டையா வைச்சுக் கொள்ளுங்கோ. ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குப் போக 6 அங்குலம் நிக்கும். நீளத்துக்கு 12, அகலத்துக்கு 7, எல்லாமா 84 சதுரம் தைச்சால் 72க்கு 42 அங்குலம் வரும். இதுக்கு மட்டும் மெசின் நல்லது. சிங்கர் கால்மெசின் போதும், ஊசி 14ஆம் நம்பர். முதல் ஏழேழாப் பொருத்திப் பன்னிரண்டு வரிசை தையுங்கோ. அயன் பண்ணேக்க ஒரு வரிசையின்ர தையல்மடிப்பை எல்லாம் இடப்பக்கமாவும் அடுத்த வரிசையினதை வலப்பக்கமாவும் படுக்க விடுங்கோ. வரிசையளைச் சேர்க்கேக்க மடிப்புகள் ஒண்டோட ஒண்டு கொழுவி நிக்கும், மூலைகள் ஒரு நூல் பிசகாமல் பொருந்தும், தடிப்பும் ஒரே இடத்தில ஏறாது. நிறம் சேர்க்கிறது உங்கட விருப்பம். எனக்குப் பள்ளிக்கூட வெள்ளைச்சட்டைத் துண்டுகளை இடையிடையில விட்டால்தான் மற்ற நிறங்கள் வடிவா எடுத்துக் காட்டும்.

இனி விரிக்கிறது. பாய்க்கு மேல விரிக்காதேங்கோ, ஊசி ஓலையில மாட்டும், பாயும் போர்வையும் சேர்ந்து தைபடும். கூட்டித் துடைச்ச சீமெந்து நிலம்தான் சரி. விறாந்தை பெரிசு எண்டால் விறாந்தை, இல்லாட்டி சாமி அறையோ வீட்டு ஹோலோ. அடி அடுக்கை நல்லபக்கம் நிலத்தைப் பாக்க விரிச்சு, நாலு மூலைக்கும் கல் வையுங்கோ. இழுத்து முறுக்க வேண்டாம், சுருக்கம் இல்லாமல் கிடந்தால் காணும். அதுக்கு மேல நடு அடுக்கு. நடுவில இருந்து ரெண்டு உள்ளங்கையாலயும் வெளிப்பக்கமாத் தடவிக் கொண்டு போங்கோ. அதுக்கு மேல மேல் அடுக்கு, அதே மாதிரி. ரெண்டு பேர் எதிரெதிரா இருந்து செய்தால் கெதியா முடியும்.

பிறகு நீட்டு நூலோட்டம். போர்வை நிறத்துக்குச் சேராத நூல் எடுங்கோ, பிறகு உருவேக்க கண்ணுக்குத் தெரியும். நடுவில தொடங்கி, மூண்டு அங்குலத்துக்கு ஒரு பாய்ச்சலா, நாலு பக்கத்துக்கும் நாலு மூலைக்கும் ஓடுங்கோ. அதுக்குப் பிறகு ஒரு சாண் இடைவெளியில குறுக்கும் நெடுக்கும். இது முடிஞ்சால் போர்வையைச் சுருட்டி எங்கயும் கொண்டு போகலாம், மடியில வைச்சுத் தைக்கலாம், அடுக்கு அசையாது. இதை அவசரமா முடிச்சால் பிறகு எவ்வளவு நல்லாத் தைச்சாலும் அடியில கொப்புளம் விழும். அரை நாள் போனாலும் போகட்டும்.

தையல் எண்டு பாத்தால் நேர் நூலோட்டம்தான், வேற ஒண்டும் இல்லை. ஆனா அதைப் பிடிக்கிற பிடியைப் பழக வேணும். நூல் ஒரு முழத்துக்கு மேல கோக்காதேங்கோ, நீண்டால் முறுக்கேறிச் சிக்கும். மெசின் நூல் எண்டால் இரட்டையாக் கோத்து, தேன்மெழுகில ஒருக்கா இழுத்தெடுங்கோ. எங்கட காட்டுத்தேன் எடுக்கிற ஆக்களிட்டைக் கேட்டால் ஒரு கட்டி மெழுகு தருவினம், அது வருசக்கணக்கில வரும். மெழுகு பட்ட நூல் சிக்காது, துணிக்குள்ள வழுவழுப்பா ஓடும், அறுகிறதும் குறைவு. மெழுகு இல்லாட்டி மெழுகுதிரியும் உதவும்.

முடிச்சைப் போட்டு ஊசியை மேல்பக்கத்தால, தொடங்கிற இடத்துக்கு ஒரு அங்குலம் தள்ளிக் குத்துங்கோ. அடி அடுக்கைத் துளைக்காமல் நடு அடுக்குக்குள்ளால விட்டு, தொடங்க வேண்டிய இடத்தில மேல எடுங்கோ. இப்ப நூலைச் சின்னதா ஒரு வெட்டு இழுவை இழுத்தால் 'டொக்' எண்டு முடிச்சு மேல்துணிக்குள்ளால புகுந்து நடுவில போய் நிக்கும். ரெண்டு பக்கமும் முடிச்சுத் தெரியாது. முடிக்கேக்கயும் இதே வேலைதான்: துணிக்குக் கிட்ட முடிச்சுப் போட்டு, அதே ஓட்டைக்குள்ளால விட்டு ஒரு அங்குலம் தள்ளி எடுத்து, இழுத்து, நூலை நறுக்குங்கோ.

ஓடேக்க இடக்கையைப் போர்வைக்கு அடியில வையுங்கோ. ஊசிமுனை நடுவிரலைத் தொடுற நேரம் அந்த விரல் அதை மேல தள்ள வேணும், வலக்கை முனையைக் கீழ அமத்த வேணும். நாலு தையல் ஊசியில சேர்ந்த பிறகு ஒரே இழுவை. அங்குலத்துக்கு நாலு தையல் நல்ல கணக்கு. இதை விடச் சின்னனாப் போட வேணும் எண்டு கண்ணைக் கெடுக்காதேங்கோ, எல்லாம் ஒரே அளவா இருந்தால் அதுதான் வடிவு. நூலை இறுக்கி இழுத்தால் வரி சுருங்கும். ஒவ்வொரு வரி முடிவிலயும் துணியைத் தட்டி நேராக்கிப் போட்டு முடிச்சுப் போடுங்கோ.

வரிக்கு வரி ரெண்டு விரல் இடைவெளி. நடுக்கோட்டில முதல் வரி, பிறகு அதுக்கு வலப்பக்கம் ஒண்டு, இடப்பக்கம் ஒண்டு எண்டு மாறி மாறி வெளியில போங்கோ. ஒரு ஓரத்தில தொடங்கி மற்ற ஓரத்துக்குப் போனால் துணி தள்ளுப்பட்டுக் கடைசியில ஒரு பக்கம் மிஞ்சி நிக்கும். வங்காளத்தில இதே மாதிரிப் பழைய சீலையளை அடுக்கி, சீலைக்கரையில உருவின நிறநூலால பூவும் மீனும் ஓடித் தைக்கினம், அதை அவை காந்தா எண்டு சொல்லுவினம். நேர்வரி அலுத்தால் நீங்களும் மேல் அடுக்கில இருக்கிற பூவைச் சுத்தி ஓடிப் பாருங்கோ, ஆனா ரெண்டு விரலுக்கு மேல வெறுமையா இடம் விடாதேங்கோ.

விரலில குத்தி இரத்தம் துணியில பட்டால் உடன பச்சைத்தண்ணியில கழுவுங்கோ, சுடுதண்ணி பட்டால் கறை பிடிச்சுக் கொள்ளும். ஒரு சொட்டு எண்டால் உங்கட துப்பலைத் தொட்டு வைச்சாலே எடுபடும்.

தனிய இருந்து தைச்சால் இது இழுபட்டுக் கொண்டு கிடக்கும். மாமி, மச்சாள், பக்கத்து வீட்டு அக்கா, வளர்ந்த பிள்ளையள் எண்டு நாலு பேர் நாலு பக்கம் இருந்தால் பின்னேரத்தில எவ்வளவோ முன்னுக்குப் போகும். கண் தெரியாத ஆச்சி கூட நூலுக்கு மெழுகு இழுத்துத் தருவா, கதையும் சொல்லுவா. அப்பிடி ஆக்கள் வாற நாளுக்குச் சமையலையும் யோசிச்சு வைக்க வேணும். குழம்பு, பொரியல் எண்டால் எண்ணெய்க்கை. மஞ்சள் கறை வெயிலில போட்டால் வெளிறும், எண்ணெய்க் கறை போகாது. எங்கட வீட்டில அண்டைக்குப் பயத்தங்கஞ்சிதான். கோப்பையில ஊத்திக் கரண்டியால குடிச்சால் கையும் சுத்தம், வயிறும் இரவு வரைக்கும் தாங்கும்.

நாலைஞ்சு பேருக்கு ஒரு சுண்டு சிவப்புப் பச்சையரிசி, கால் சுண்டு பயறு. சிறுபோகத்துப் பயறு புதுசா வாற காலம் எண்டால் மணம் இன்னும் கூட. பயறை வெறுஞ்சட்டியில இளஞ்சூட்டில வறுங்கோ. பச்சை நிறம் மாறி, வறுத்த மணம் எழும்பேக்க இறக்கிப் போடுங்கோ, கறுத்தால் கஞ்சி கைக்கும். ஆறவிட்டு அம்மியிலயோ திரிகையிலயோ ரெண்டா உடைச்சு, சுளகில கொழிச்சுக் கோதை எடுங்கோ. ஒரு தேங்காயைத் திருவி முதற்பாலைத் தனிய வைச்சுப் போட்டு, ரெண்டாம் மூண்டாம் பாலோட தண்ணி சேர்த்து ஏழு சுண்டு அளவாக்குங்கோ. அதில அரிசியையும் பயறையும் போட்டு, மூடியை அரைவாசி திறந்து, அடுப்பை மெல்ல எரியவிடுங்கோ. அரிசி குழைஞ்சு பயறு நசிபடுற பதம் வந்தால் பனங்கட்டியைத் தட்டிப் போட்டுக் கரையவிட்டு, ஒரு சிட்டிகை உப்பு, ரெண்டு ஏலக்காய். கடைசியா முதற்பால். முதற்பால் விட்டாப் பிறகு கொதிக்க விடாதேங்கோ, ஒருக்கா ஆவி வந்தால் இறக்குங்கோ, இல்லாட்டித் திரையும். பனங்கட்டியைக் கையில வைச்சுக் கடிச்சுக் கடிச்சுக் குடிக்கிறதுதான் பழக்கம், ஆனா தையல் நாளில அது பிசுபிசுக்கும், உள்ளுக்கே கரைச்சு விடுறது நல்லது.

நூலோடி முடிஞ்சால் நீட்டு நூலை எல்லாம் உருவிப் போட்டு ஓரத்தை நேரா வெட்டுங்கோ. தைச்ச இழுவையில போர்வை ஒரு அங்குலமோ ரெண்டோ உள்ளுக்கு வந்திருக்கும், அது வழமை. விளிம்பு கட்ட இன்னொரு சீலையின்ர கரையை எடுங்கோ, உடம்பு இத்துப் போன சீலை எண்டாலும் கரை பலமா நிக்கும். ரெண்டு கரையில கீழ்க்கரை நிலத்தில உரஞ்சித் தேஞ்சிருக்கும். இடுப்பில செருகுற மேல்கரைதான் நல்லது. ரெண்டரை அங்குல அகலத்தில வெட்டுங்கோ. சுத்திவர ஏறக்குறைய 234 அங்குலம், மூலை மடிப்பும் முடிவும் சேர்த்து 250 வேணும். மேல்கரை முழுக்க எடுத்தாலும் 216தான், மிச்சத்தைக் கீழ்க்கரையில உள்முனைப் பக்கமா வெட்டிப் பொருத்துங்கோ.

கரைத்துண்டை நீளவாக்கில ரெண்டா மடிச்சு அயன் பண்ணுங்கோ. மடிப்பு உள்பக்கம் பாக்க, வெட்டின ஓரம் போர்வையின்ர ஓரத்தோட சேர, மேல்பக்கத்தில வைச்சுக் கால் அங்குலம் உள்ளுக்குத் தைச்சுக் கொண்டு போங்கோ. மூலைக்குக் கால் அங்குலம் இருக்கேக்க நிப்பாட்டி நூலை முடியுங்கோ. இப்ப கரைத்துண்டை மேல்நோக்கி, போர்வையை விட்டு வெளியில போறமாதிரித் திருப்புங்கோ. மூலையில ஒரு சரிவு மடிப்பு விழும். அந்த மடிப்பை விரலால அமத்திப் பிடிச்சுக் கொண்டு, துண்டைத் திரும்பக் கீழ இறக்கி அடுத்த பக்கத்து ஓரத்தோட சேருங்கோ. மேல விழுற மடிப்பு போர்வையின்ர மேல் ஓரத்தோட ஒரே மட்டமா நிக்க வேணும். அந்த ஓரத்தில இருந்தே திரும்பத் தையலைத் தொடங்குங்கோ. நாலு பக்கமும் முடிஞ்சால் கரையைப் பின்பக்கம் புரட்டிவிடுங்கோ. மூலையில தானாச் சாய்ஞ்ச கோடு ஒண்டு வந்து அழகாப் படுக்கும். பின்பக்கத்தில மடிப்போரத்தைக் கண்ணுக்குத் தெரியாத சின்னத் தையலாப் பிடிச்சு முடியுங்கோ. இதில அடி அடுக்கை மட்டும் பிடிச்சால் காணும், மேல்பக்கத்துக்கு ஊசி வரக்கூடாது.

தோய்க்கிறது அடிக்கடி வேண்டாம், வெயிலில போட்டு உதறினாலே போதும். தோய்ச்சால் கல்லில அடிக்காதேங்கோ, முறுக்கிப் பிழியாதேங்கோ. நனைஞ்ச போர்வை சரியான பாரம், ஒரு கயித்தில தொங்கவிட்டால் தன்ர பாரத்திலயே நூல் அறும். ரெண்டு கயித்துக்குக் குறுக்கா விரிச்சுப் போடுங்கோ. முள்ளுக்கம்பி வேலியில போடவே வேண்டாம். மழைக்காலம் முடிஞ்சு எடுத்து வைக்கேக்க நல்லாக் காஞ்ச வேப்பிலையை ஒரு துணிப்பையில கட்டி இடையில வையுங்கோ. எங்கட நிலத்தில கறையான் விடாது, பெட்டியை நிலத்தில வைக்காமல் கல் அடுக்கி அதுக்கு மேல வைச்சு, மாதத்துக்கு ஒருக்கா அடியைப் பாருங்கோ. மடிப்பையும் அப்பப்ப மாத்தி மடியுங்கோ. திரும்பப் போர்க்க எடுக்கிற நேரம் முற்றத்தில வைச்சு ரெண்டு பக்கமும் உதறிப் போட்டுத்தான் பிள்ளையளுக்குக் குடுக்க வேணும். தேளோ புலிமுகச் சிலந்தியோ மடிப்புக்குள்ள இருக்கலாம்.

வருசம் போக மேல் அடுக்குக் கிழியும். அப்ப எறியாதேங்கோ. இன்னொரு பழைய சீலையின்ர ஒரு துண்டை அதுக்கு மேல விரிச்சு, பழைய வரிகளுக்கு இடையில புதுசா ஓடி, விளிம்பை மட்டும் மாத்திக் கட்டினால் நாலு அடுக்குப் போர்வையா இன்னும் கன காலம் வரும். அதுக்குப் பிறகும் தேஞ்சால் நல்ல இடங்களைப் பாத்து வெட்டிப் பிள்ளைக்குப் படுக்கைவிரிப்பு. மிஞ்சிற துண்டுகளை ஒரு சாண் சதுரமா வெட்டி விளிம்பு தைச்சு, மூலையில ஒரு கொளுவி வைச்சு அடுப்படியில ஆணியில மாட்டுங்கோ. கஞ்சிச்சட்டி இறக்க அதை விட நல்ல பிடிதுணி கிடையாது.